நாகப்பன் ஓடிய எல்லை

நெருஞ்சித்தாங்கல் நாகப்பனுக்கு இடது கையில் மூன்று விரல்தான். மீதி இரண்டும் ஒரகடத்தில் ஓர் உதிரிபாகக் கம்பெனியின் பிரஸ் மெஷினுக்குள் போனவை. அந்த இரண்டு விரலும் கார்க் கதவின் தகட்டோடு தகடாக அழுந்தி, பெயின்ட் அடிக்கப்பட்டு, கப்பலேறி, இப்போது ஏதோ குளிர்தேசத்தில் ஓடிக்கொண்டிருப்பதாக ஊரில் பேச்சு. அந்தக் கார்க்காரன் கதவை ஓங்கிச் சாத்தும்போதெல்லாம் இங்கே நாகப்பனுக்கு விரல் வலிக்குமாம். கதவு என்பது கொஞ்சம் கூடுதல். அந்த மெஷின் அடித்தது கதவுக் கீல்தான். மற்றபடி வலிப்பது உண்மை.

இடுப்புத் தழும்பு பன்றி கொடுத்தது. புருவத்தைப் பிளந்து இறங்கும் கோடு கோயில் திருவிழாவில் பங்காளி கொடுத்தது. விலாவில் கை வைத்தால் ஓரிடம் பள்ளமாக இருக்கும். அது காடு கொடுத்தது. காடென்றால் யானையும் அருவியும் உள்ள காடு அல்ல. மூன்று பக்கமும் கம்பெனி மதில்களும், நடுவில் காரையும் களாவும் ஈச்சம் புதரும் மண்டிய முள்ளுக்காடு. அரசாங்கக் கணக்கில் காப்புக்காடு. நெருஞ்சித்தாங்கல் பெண்கள் அதில் ஈச்ச ஓலை அறுத்துத் துடைப்பம் கட்டுவார்கள், காய்ந்த விறகு பொறுக்குவார்கள், ஆடு ஓட்டுவார்கள். வயல்களெல்லாம் தொழிற்பேட்டைக்குப் போன பிறகு ஊருக்கென்று மிஞ்சியது அது ஒன்றுதான்.

செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்து பாதிப் பட்டணம் மிதந்த வருஷம். ஓலை அறுத்துக்கொண்டிருந்த முனியம்மாளிடமிருந்து ஒரு வனக் காவலாள் அரிவாளைப் பிடுங்கி, அவள் கையைப் பின்னால் முறுக்கினான். முனியம்மாள் நாகப்பனின் மனைவி. நாகப்பன் ஓடிவந்து அந்த ஆளின் காதைக் கடித்தான். முழுக் காது என்று ஊரார் சொல்வது அநியாயம். அரைக் காதுதான். அதற்கு நாற்பது நாள் ஜெயில். வெளியே வந்த மறுநாள் காவலாள் தன் ஆட்கள் நான்கு பேரோடு வந்தான். மூன்று விலா எலும்பு முறிந்தது. இப்படித்தான் அந்த ஊரில் வன நிர்வாகம் நடந்துவந்தது. எடுப்பவர் எடுப்பார், பிடிப்பவர் அடிப்பார், அடிபட்டவர் கடிப்பார்.

பிறகுதான் சட்டம் ஒன்று இருப்பது ஊருக்குத் தெரிந்தது. சட்டம் வந்து பல வருஷமாகிவிட்டது. ஊருக்கு வந்து சேர அவ்வளவு நாள் பிடித்தது. தலைமுறை தலைமுறையாகக் காட்டை நம்பிப் பிழைத்த ஊர், தன் பழைய எல்லை எது என்று காட்டி நிரூபித்தால், அந்த எல்லைக்குள் ஓலையும் விறகும் எடுக்கலாம், ஆடு மேய்க்கலாம். அதைவிட முக்கியமானது, அந்தக் காட்டை யார் வெட்டினாலும் தோண்டினாலும் தடுக்கும் அதிகாரம் கிராம சபைக்கே வரும். கிராம சபை கூடி ஒரு குழு அமைத்தது. தலைவர் யாரென்ற கேள்வி வந்தபோது எல்லாரும் நாகப்பனைக் கைகாட்டினார்கள். தகுதி பார்த்து அல்ல. வேண்டாமென்று கைதூக்கிக் காதை இழக்க யாருக்கும் மனமில்லை.

இந்தச் சேதியைக் கேட்டு வயிறெரிந்தவன் தாண்டவராயன். முனியம்மாளின் அக்காள் புருஷன், நாகப்பனுக்குச் சகலை. மூன்று டிப்பர் லாரியும் ஒரு ஜேசிபியும் வைத்திருந்தான். புதுக் கிடங்கு கட்டுகிறவர்களுக்குத் தரையை உயர்த்த மண் வேண்டும். காட்டின் மேற்கு ஓரத்தில் அவன் வெட்டிய பள்ளம் அப்போதே இரண்டு பனை ஆழம். அந்தப் பள்ளம் ஊர் எல்லைக்குள் வருகிறதா இல்லையா என்பதுதான் அவனுக்கு உயிர்ப் பிரச்சினை. எல்லைக்குள் என்றால் கிராம சபை ஒரே தீர்மானத்தில் லாரியை நிறுத்திவிடும்.

ஆய்வுக்கு அதிகாரி வருவதற்கு முந்தின நாள் காலையில் அவன் லாரியோடு நாகப்பன் வீட்டு வாசலுக்கு வந்தான்.

“இன்னா சகல, தலைவராயிட்டியாமே? நாளைக்கு மேடத்துக்கு எல்லைக் கல்ல காட்டப் போறியாமே?”

“காட்டுவேன்.”

“எந்தக் கல்லு? முந்தாநாள் வரைக்கும் நின்னுகினு இருந்துதே, அதுவா?”

நாகப்பன் காட்டுக்குள் ஓடிப் பார்த்தான். இருபத்திரண்டு கல்லில் ஒன்றுகூட இல்லை. பிடுங்கிய குழிகளைக்கூட ஜேசிபி நிரவியிருந்தது. திரும்பி வந்தவன் கையில் கிடைத்ததை எடுத்தான். கிடைத்தது உலக்கை. தாண்டவராயனின் டிரைவர்கள் இரண்டு பேர் லாரியிலிருந்து இரும்புக் கம்பியோடு இறங்கினார்கள். ஒருவனுக்குத் தாடை இறங்கியது, இன்னொருவன் முட்டியைப் பிடித்துக்கொண்டு சாக்கடையில் உட்கார்ந்தான். நாகப்பனுக்கு உச்சந்தலை கிழிந்து ரத்தம் கண்ணை மறைத்தது. அந்த நேரம் பார்த்து முனியம்மாள் அரிவாளோடு நடுவில் வந்து நின்றாள்.

“மாமா, எங்கக்கா கழுத்துல கீற தாலிக்கோசரம் பாக்கறேன். இல்லன்னா இந்த அரிவாளு இந்நேரம் உன் வவுத்துல கீது. போயிடு.”

“போறேன்மா. கல்லு இல்லாத ஊருக்கு எல்லை இன்னாத்துக்கு?” என்று சிரித்துக்கொண்டே தாண்டவராயன் லாரியில் ஏறினான்.

மறுநாள் வந்த அதிகாரி தாலுகா ஆபீஸ் நில அளவர் வேல்விழி. சாத்தான்குளம் பக்கத்துப் பெண். வயது இருபத்தேழு இருக்கும். கையில் இடங்குறிக்கும் கருவி; எல்லையின் ஒவ்வொரு புள்ளியிலும் நின்று பொத்தானை அழுத்தினால் அது வரைபடமாகிவிடும். அன்று மாலைக்குள் வரைபடம் போய்ச் சேர வேண்டும். மறுநாள் உரிமை மனுக்களை முடிவு செய்யும் கோட்டக் குழு உட்காருகிறது. வரைபடம் இல்லாத மனுக்கள் திருப்பி அனுப்பப்படும் என்று கடிதத்திலேயே இருந்தது.

கல் இல்லையென்றாலும் எல்லையை அறிந்த கால் ஒன்று ஊரில் இருந்தது. ஆடி மாதம் மூன்றாம் வெள்ளி உச்சிப்பொழுதில் எல்லையம்மனுக்குக் கிடா வெட்டி, அந்த ரத்தத்தில் சோற்றைப் பிசைந்து, கூடையில் எடுத்துக்கொண்டு ஒருவன் ஊரெல்லையைச் சுற்றி ஓடுவான். எல்லைக் கல் ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடி வீசுவான். ஓட ஆரம்பித்தால் நிற்கக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது, கூடை தரையில் படக் கூடாது. ஊர் கதவைச் சாத்திக்கொள்ளும். எதிரே எது வந்தாலும், மனிதனோ மாடோ, இடுப்புக் கத்தியை உருவி வெட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். அது நாகப்பன் குடும்பத்து முறை. பத்தொன்பது வயதிலிருந்து அவன்தான் ஓடுகிறான். முப்பத்து மூன்று வருஷ ஓட்டம். பின்னால் ஓடுகிற இரண்டு பேரும் அவன் முதுகைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை.

அதனால் வேல்விழி, “எல்லையைக் காட்டுங்க அண்ணாச்சி” என்றதும் அவன் தைரியமாக முன்னால் நடந்தான்.

அங்கேதான் தப்பு நடந்தது. முதல் புள்ளி சரி. இரண்டாவது சரி. மூன்றாவதில் தலையைச் சொறிந்தான். இடது பக்கம் போகலாமா, வலது பக்கமா என்று யோசித்தான். முப்பத்து மூன்று வருஷத்தில் அந்தப் பாதையில் அவன் ஒரு தடவைகூட நடந்ததில்லை, ஒரு தடவைகூட யோசித்ததில்லை. யோசித்தவுடன் பாதை மறைந்துவிட்டது. ஒன்றரை மணி நேரம் முள்ளில் இழுத்தடித்து, கடைசியில் ஒரு கம்பெனி கேன்டீனின் பின்வாசலில் கொண்டுபோய் நிறுத்தினான். சாம்பார் வாசம் அடித்தது.

“அண்ணாச்சி, எல்லையக் காட்டுங்கன்னா கேன்டீனக் காட்டுதீயளே!”

கூடவே வந்த தாண்டவராயன் இதையெல்லாம் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான். “மேடம், எழுதிக்கோங்க. தலைவருக்கே எல்லை தெரியல. நாங்க இன்னா பண்றது?” என்றான். சிரிப்பில் அவன் தொந்தி குலுங்கியது. பிறகு மண் பள்ளத்தில் வேலை இருப்பதாகச் சொல்லி வண்டியை எடுத்தான்.

நாகப்பன் கட்டுப்போட்ட தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். “மேடம், நடந்தா வராது. ஓடுனாத்தான் வரும்.”

“அப்ப ஓடுங்க.”

“சும்மா ஓட முடியாது. ரத்தச் சோறு வோணும். கூடை இடுப்புல ஏறினாத்தான் காலு தானா போவும்.”

வேல்விழி கையிலிருந்த விதிப் புத்தகத்தைப் புரட்டினாள். மரபாக இருந்துவரும் எல்லை என்று ஒரு வரி இருந்தது. “மரபு எல்லைய எப்படிக் காட்டணும்னு இதுல ஒண்ணும் சொல்லல. கிடா இருக்கா?”

ஊரில் அன்றைக்கு இருந்த ஒரே கிடா முனியம்மாளுடையது. அவள் தானே கயிற்றைப் பிடித்து இழுத்து வந்தாள். “யோவ், இந்தா. உரிமை வரலன்னா அடுத்தது உன் கழுத்துதான், சொல்லிட்டேன்.” கயிற்றைக் கொடுத்துவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு வேல்விழியிடம் வந்தாள். “செருப்பக் கழட்டிடும்மா. பின்னாலேயே போ. தப்பித் தவறி முன்னால மட்டும் போயிடாத, வெட்டிடுவான். போன வருசம் ஒரு நாய வெட்டினான். அது அவனே வளத்த நாயி.”

“பள்ளிக்கூடத்துல நானூறு மீட்டர்ல நான்தான் முதல்” என்றாள் வேல்விழி. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

எல்லையம்மன் கோயில் முன் கிடாவின் தலை ஒரே வெட்டில் விழுந்தது. உடல் நான்கு காலையும் உதைத்துக்கொண்டிருக்கும்போதே ரத்தத்தை ஏந்திச் சோற்றில் ஊற்றிப் பிசைந்தார்கள். கூடை இடுப்பில் ஏறியது. நாகப்பனின் கண் மாறியது. ஊரில் கதவுகள் படபடவென்று சாத்தப்பட்டன.

அவன் ஓடிய வேகத்தில் காட்டிலிருந்த முயல்கள் எல்லாம் வெட்கப்பட்டு ஒதுங்கின என்று சொல்வார்கள். முயல்களைக் கேட்க முடியாது. ஆனால் தார்ச்சாலையில் நின்ற கம்பெனி பஸ்ஸைக் கேட்கலாம். எல்லை அந்தச் சாலையைக் குறுக்கே வெட்டிப் போகிறது. இரண்டாம் ஷிப்டுக்கு ஆள் ஏற்றிவந்த டிரைவர், தலையில் கட்டும் கையில் ரத்தமுமாக ஒருவன் பாய்ந்து வருவதைப் பார்த்து பிரேக்கில் ஏறி நின்றான். பஸ்ஸில் இருந்தவர்கள் சன்னலுக்குச் சன்னல் தாவினார்கள். நாகப்பன் யாரையும் பார்க்கவில்லை. சாலையைத் தாண்டியதும் ஒன்பதாவது கைப்பிடியை வீசினான். பின்னால் வேல்விழி மூச்சிரைக்க வந்து, சோறு விழுந்த இடத்தில் ஒரு நொடி நின்று பொத்தானை அழுத்தி, மறுபடி ஓடினாள். முள் கிழித்து அவள் கணுக்கால் முழுக்கச் சிவப்பு. கிடாவின் ரத்தம் எது, அவள் ரத்தம் எது என்று பிரிக்க முடியாது.

பதினாறாவது புள்ளியைத் தாண்டியதும் மண் பள்ளம்.

ஓட்டம் தொடங்கிய செய்தி தாண்டவராயனுக்குப் போயிருந்தது. பள்ளத்தின் விளிம்பில் ஆறு பேரை நிறுத்தியிருந்தான். கம்பெனியில் கான்ட்ராக்ட் முடிந்து, வாடகை அறையில் சும்மா கிடந்த தெக்கத்திப் பையன்கள். கூலி பேசிக் கூட்டிவந்திருந்தான். அவர்களுக்குத் தலைவன் மாதிரி இருந்தவன் இசக்கிபாண்டி. கையில் நீள அரிவாள். ஒருத்தன் ஓடி வருவான், காலை மட்டும் உடைத்துவிடுங்கள் என்றுதான் அவர்களிடம் சொல்லப்பட்டிருந்தது. எதைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவான் என்று யாரும் சொல்லவில்லை.

புதரை விலக்கிக்கொண்டு நாகப்பன் வெளியே வந்தான். இசக்கிபாண்டி கூடையைப் பார்த்தான். மார்பு முழுக்க வழியும் ரத்தத்தையும், எங்கேயோ பார்க்கும் கண்ணையும் பார்த்தான். அவன் ஊரில் சுடலைமாடன் வேட்டைக்குப் போகிற வழியில் எதிரே நின்ற சித்தப்பா ஒருவர் வாயிலும் மூக்கிலும் ரத்தம் கக்கிச் செத்ததைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன் அவன். அரிவாளைத் தூக்கி எறிந்தான்.

“ஏல, எதுத்தாப்புல நிக்காதியலே! சாமி வேட்டைக்கு வருதுலே! மூஞ்சியத் திருப்புங்கலே!”

மற்ற ஐந்து பேரும் கம்பிகளைப் போட்டுவிட்டு மண்ணில் குப்புற விழுந்தார்கள். ஒருவன் விழுந்த வேகத்தில் பல் உடைந்தது. அன்றைக்கு அவர்கள் பக்கத்தில் சேதம் அந்த ஒரு பல்தான்.

தாண்டவராயன் விழவில்லை. அவன் பள்ளத்துக்குள் நின்றிருந்தான். அதே ஊரில் பிறந்து, அதே ஆடி வெள்ளிகளில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே ஒடுங்கியவன்தான். ஆனால் லாரி வந்த பிறகு அவனுக்குச் சாமி பயம் போய்விட்டது. வெறும் மனித பயம் மட்டும் மிச்சம். “வாடா! உன்னமாரி எத்தினி பேர பாத்திருப்பேன்!” என்று கம்பியை ஓங்கிக்கொண்டு நின்றான்.

நாகப்பன் பள்ளத்தின் சரிவில் உருண்டும் பாய்ந்தும் இறங்கினான். முன்பு அங்கே மேட்டு நிலம் இருந்தது. பதினேழாவது கல் அதன் மேல் இருந்தது. இப்போது அந்த இடத்துக்கு நேர் கீழே தாண்டவராயன் நின்றுகொண்டிருந்தான். பள்ளத்தில் நிற்பதற்கு அவனுக்கு அத்தனை இடம் இருந்தது. நின்றது அங்கே.

ரத்தச் சோறு பிடி நிறைய வந்து அவன் முகத்திலும் மார்பிலும் அப்பியது. கண்ணில் விழுந்த சோற்றோடு அவன் குருட்டாம்போக்கில் கம்பியை வீசினான். நாகப்பனின் இடது தோளில் இறங்கியது அடி. காய்ந்த விறகை முட்டியில் வைத்து முறிக்கிற சத்தம் கேட்டது. கை தொங்கியது, கூடை சரிந்தது. தரையில் படுவதற்குள் நாகப்பன் குனிந்து கூடையின் விளிம்பைப் பல்லால் கவ்வினான். வலது கை இடுப்புக்குப் போனது. கத்தி தாண்டவராயனின் முன்கையில் எலும்பு வரை போய் நின்று, திரும்பி வந்தது. கம்பி ஒரு பக்கம் விழுந்தது, ஆள் ஒரு பக்கம் விழுந்தான். நாகப்பன் அவனைத் தாண்டி ஓடினான். திரும்பிப் பார்க்கவில்லை.

வேல்விழி சரிவில் சறுக்கி வந்து சேர்ந்தாள். தாண்டவராயன் கையிலிருந்து ரத்தம் விசிறி விசிறி அடித்துக்கொண்டிருந்தது. துப்பட்டாவை உருவி மேலே எறிந்தாள். “இசக்கி அம்மைக்குப் பொறந்த பயலுவளா, யாராச்சும் எறங்கி வந்து இவரு கையக் கட்டுங்கலே!” இசக்கிபாண்டி தலையைக் குனிந்தபடியே இறங்கி வந்து கட்டினான். தாண்டவராயன், “ஆஸ்பத்திரி… ஆஸ்பத்திரி…” என்று துடித்துப் புரண்டான்.

“தூக்கிட்டுப் போவாங்க. ஒரே ஒரு நிமிசம் அசையாதீங்க, புள்ளி பதிவாகுது” என்றாள் வேல்விழி. கருவியை அவன் மார்பில் ஒட்டியிருந்த சோற்றுக்கு நேராகப் பிடித்து பொத்தானை அழுத்தினாள்.

மீதி ஐந்து புள்ளிகளில் நான்கைக் கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, ஒரே கையால் சோறு வீசி ஓடினான் நாகப்பன். தோள் எலும்பு தோலைக் கிழித்து எட்டிப் பார்த்தது. இருபத்தொன்றாவது புள்ளிக்கும் கோயிலுக்கும் நடுவில், கோயில் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், குப்புற விழுந்தான். கூடை மட்டும் பல்லில் நின்றது. முகத்தை நிமிர்த்தியே வைத்திருந்தான்.

யாரும் தொடக் கூடாது. தொட்டால் ஓட்டம் தீட்டு, எல்லை செல்லாது. கதவிடுக்கு வழியாக ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. முனியம்மாள் வீட்டுச் சன்னல்தான் முதலில் திறந்தது.

“யோவ்! இன்னாயா படுத்துக்கினே? கட்டிலு போட்டுத் தரட்டா?”

நாகப்பன் அசையவில்லை.

“என் கிடா போச்சு! மூணு வருசமா ஓலைய அறுத்துப் போட்டு வளத்தேன்! எங்கக்கா புருசன் சிரிப்பான்யா! எழுந்திரு! எழுந்திருடா டேய்!”

கல்யாணமான இருபத்தெட்டு வருஷத்தில் அவள் அவனை ‘டேய்’ என்றது அதுதான் முதல் தடவை. அவன் முட்டியை ஊன்றினான். எழ முடியவில்லை. தவழ்ந்தான். ஓடத்தான் வேண்டும் என்று விதி. தவழ்வதை ஓட்டமாகச் சேர்ப்பதா என்று ஊர்ப் பெரியவர்கள் பிற்பாடு இரண்டு நாள் விவாதித்தார்கள், அது வேறு கதை. தவழ்ந்துபோய், கூடையில் ஒட்டியிருந்த கடைசிச் சோற்றை வழித்து, இருபத்திரண்டாவது கல் இருந்த இடத்தில் அப்பினான். வேல்விழி பொத்தானை அழுத்தினாள். கருவியின் திரையில் கோடு வளைந்து வந்து, தொடங்கிய இடத்தில் முட்டி நின்றது. அதற்குப் பிறகுதான் அவன் மயங்கினான்.

மாலைக்குள் வரைபடம் போய்ச் சேர்ந்தது. போலீசும் வந்து சேர்ந்தது. நாகப்பனுக்குத் தோளில் இரும்புத் தகடு. தாண்டவராயனுக்குக் கையில் நாற்பத்தேழு தையல். கொலை முயற்சி என்று வழக்கு. நாகப்பன் மூன்று மாதம் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்தான். எட்டாம் மாதம் உரிமைப் பத்திரம் வந்தது. வரைபடப்படி இருபத்திரண்டு கல்லும் மறுபடி நடப்பட்டன. கிராம சபையின் முதல் தீர்மானம் மண் பள்ளத்தில் லாரி இறங்கக் கூடாது என்பது. பெண்கள் ஓலை அறுக்க முறை வைத்துக்கொண்டார்கள். பச்சை மரத்தில் கை வைத்தால் ஒரு பருவம் முழுக்க அரிவாள் பறிமுதல். முதலில் பறிகொடுத்தது முனியம்மாள். பறித்துக்கொண்டு போன பெண்ணை அவள் ஊர் முழுக்கத் துரத்தி அடித்தாள். ஆனாலும் அரிவாளைக் கொடுத்துவிட்டாள்.

வழக்கு இன்னும் நடக்கிறது. தண்டனையானால் பத்து வருஷம் வரை போகலாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். போன வாய்தாவன்று ஸ்ரீபெரும்புதூரில் கோர்ட்டுக்கு எதிரே டீக்கடையில் தாண்டவராயன் தானாகவே வந்து நாகப்பன் பக்கத்தில் உட்கார்ந்தான். வெட்டுப்பட்ட கையை மடியில் போட்டுக்கொண்டு, கிளாசை மறு கையால் வாங்கினான்.

“சகல, நடந்தது நடந்துபோச்சு. நா சாட்சிய மாத்திச் சொல்லிடறேன். கம்பி குத்திடுச்சுன்னு சொல்றேன். நீ நிம்மதியா வூட்டுக்குப் போலாம்.”

“எதுக்கோசரம்?”

“பதினேழாவது கல்லு. அத முப்பதடி கெழக்கால நவுத்தி நட்டுடு. அந்தப் பள்ளம் மட்டும் வெளிய வந்துடும். அவ்ளோதான். நீ தலைவரு, நீ எழுதிக் குடுத்தா தாலுகா ஆபீசுல மாத்திக்குவாங்க. ஒரே ஒரு கல்லுய்யா.”

கூட வந்திருந்த முனியம்மாள் நாகப்பனின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பத்து வருஷம் என்ற சொல்லைக் கேட்ட நாளிலிருந்து அவளுக்குத் தூக்கம் கிடையாது. ஒத்துக்கொள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சட்டையை மட்டும் இறுக்கிப் பிடித்தாள்.

நாகப்பன் டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தான். கிளாசைப் பலகையில் வைத்தான்.

“எழுதிக் குடுத்துல்லாம் நவுத்த முடியாது சகல. கல்லு நவுரணும்னா மறுபடி ஓடணும். முறை அதான். முப்பதடி கெழக்கால எங்க வோணுமோ, நீ போயி நில்லு. நா ஓடி வர்றேன்.”